அரபி தெரியாத ஒருவர் உமையா காலத்து வெள்ளி திர்ஹம் வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. ஷார்ஜாவில் ஒரு பழம்பொருள் கடையில் மெல்லிய வெள்ளி நாணயம் ஒன்றைக் காட்டி, "உமையா கால திர்ஹம், ஆயிரத்து முந்நூறு வருடப் பழசு" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார் (உமையா என்பது ஏழு, எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸிலிருந்து ஆண்ட கலீபா வம்சம்). அது உண்மையா, கேட்கிற விலை நியாயமா, அரபியில் ஓரெழுத்தும் தெரியாத நான் இப்படிப்பட்ட நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு படமும் போட்டு, எடை 2.86 கிராம், குறுக்களவு 26 மில்லிமீட்டர் என்றும் குறித்திருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டுக்கும் தாய் என்று எனக்குப் படுகிறது. படிக்கத் தெரியாத ஒரு பொருளை இன்னொருவர் வாயை நம்பி எப்படிக் காசு கொடுத்து வாங்குவது என்பதுதான் உங்கள் உண்மையான தயக்கம். அது நியாயமான தயக்கம். ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள நீங்கள் அரபி கற்க வேண்டியதில்லை. நாணயத்தின் ஓரத்தில் ஓடும் ஒரே ஒரு வரியைப் படிக்கக் கற்றால் போதும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் காயல்பட்டினம். வளைகுடாவில் 17 வருடம் கணக்கு வேலை பார்த்தேன். இந்த வெள்ளிகளைச் சேர்க்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. பல்கலைக்கழகப் படிப்பால் வந்ததில்லை. கையில் எடுத்து, தடவி, எடை போட்டு, ஏமாந்து கற்றது. சிறுவயதில் ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதியவன் என்பதால், முதல் திர்ஹம் கைக்கு வந்தபோது மளமளவென்று படித்துவிடலாம் என்று நினைத்தேன். ஓரெழுத்துகூடப் பிடிபடவில்லை. கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் கோடுகள் நிமிர்ந்தும் படுத்தும் இருந்தன, புள்ளி ஒன்றுகூட இல்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்புறத்தின் நடுவில் "லம் யலித்" என்ற இரண்டு சொல் மட்டும் தட்டுப்பட்டது. அடுத்த நொடி மொத்தமும் திறந்துகொண்டது. ஐந்து வயதிலிருந்து மனப்பாடமாக இருக்கும் குர்ஆனின் 112ஆம் அத்தியாயம், "அல்லாஹு அஹத், அல்லாஹுஸ் ஸமத்" என்று தொடங்கி நான்கு வரியில் அங்கே உட்கார்ந்திருந்தது. எழுத்து தெரிந்ததால் வாசகம் படிக்க வரவில்லை. வாசகம் தெரிந்திருந்ததால் எழுத்து படிய ஆரம்பித்தது. உங்களுக்கும் இதே வழிதான். இந்த நாணயங்களில் என்ன எழுதியிருக்கும் என்பது கிட்டத்தட்ட முழுக்க முன்கூட்டியே தெரிந்த விஷயம். மாறுவது இரண்டே இரண்டு: ஊர், ஆண்டு.

அது எப்படி அப்படி ஆயிற்று என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அரபுப் படைகள் ஈரானை வென்றபோது அங்கே சாசானிய மன்னர்களின் வெள்ளிக் காசு புழங்கியது. ஒரு பக்கம் கிரீடம் அணிந்த மன்னர் முகம், மறுபக்கம் அக்னி பீடமும் இரண்டு காவலரும். புதிய ஆட்சியாளர்கள் அந்த அச்சை அப்படியே தொடர்ந்தார்கள். இரண்டாம் குஸ்ரோவின் முகம் அப்படியே இருக்கும், ஓரத்தில் மட்டும் "பிஸ்மில்லாஹ்" என்று ஒரு சொல் கூடியிருக்கும். ஆளுநர் பெயர் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் வரும். இவற்றை அரபு-சாசானியக் காசு என்கிறோம். உமையா கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான்தான் இதை மாற்றினார். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரி 77இல் தங்க தீனாரில் உருவம் போய் எழுத்து மட்டும் வந்தது. 79இல், அதாவது கி.பி. 698-699இல், வெள்ளி திர்ஹமும் அப்படியே ஆனது. காசின் அகன்று மெல்லிதான உடல்வாகு மட்டும் சாசானியரிடமிருந்து வந்தது, அது நிலைத்தது. 'திர்ஹம்' என்ற பெயரும் கிரேக்க திராக்மா பாரசீகம் வழியாக வந்ததுதான். நீங்கள் அங்கே தினமும் செலவழிக்கும் திர்ஹமுக்கு இவ்வளவு நீண்ட வழி இருக்கிறது.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 திர்ஹம் எடை 7 மிஸ்காலுக்குச் சமம். தீனார் ஒன்று 4.25 கிராம் கொண்ட ஒரு மிஸ்கால். அந்தக் கணக்கில் திர்ஹம் 2.97 கிராம் வர வேண்டும். தேய்மானம் போக 2.7க்கும் 2.95க்கும் இடையில் இருப்பதுதான் வழக்கமாகக் கையில் கிடைக்கும். உங்கள் 2.86 அதற்குள் அழகாக உட்காருகிறது. எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. எடை வெகுவாகத் தப்பியிருந்தால் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த வரி. முன்புறத்தின் நடுவில் மூன்று வரி இருக்கும்: "லா இலாஹ இல்லல்லாஹ், வஹ்தஹு, லா ஷரீக்க லஹு". அதைச் சுற்றி வட்டமாக ஓடுவதுதான் நமக்கு வேண்டியது: "பிஸ்மில்லாஹ், ளுரிப ஹாதத் திர்ஹம் பி... ஃபீ சனத்...". "அல்லாஹ்வின் பெயரால், இந்த திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது" என்று பொருள். எழுத்தின் தலை வெளிப்பக்கம் பார்க்கும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் படிக்க வேண்டும். நாணயத்தைத் தட்டில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே போங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு உயரமான கோடுகளோடு "அல்லாஹ்" என்ற சொல் முதலில் கண்ணில் படும். அதுதான் தொடக்கம். அங்கிருந்து 'திர்ஹம்' தாண்டியதும் ஊர். 'சனத்' தாண்டியதும் ஆண்டு. ஆண்டு எண்ணால் எழுதப்படாது, சொல்லால் எழுதப்படும். ஒன்றாம் இடம் முதலில், பிறகு பத்து, பிறகு நூறு. உமையா திர்ஹம்கள் பெரும்பாலும் ஹிஜ்ரி 79 முதல் 132 வரைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை 9 சொல், பத்து, இருபது, முப்பது, எழுபது, எண்பது, தொண்ணூறு என்று 6 சொல், நூறுக்கு ஒன்று. ஆக 16 சொல்லின் வடிவம் மனதில் பதிந்தால் ஒரு பேரரசின் வெள்ளியை ஆண்டு வாரியாக அடுக்கிவிடலாம். இதில் கலீபாவின் பெயரே வராது. ஆண்டை வைத்துத்தான் அவர் யார் என்று சொல்கிறோம்.

ஒரே ஒரு சிக்கல் எல்லோரையும் படுத்தும். புள்ளி இல்லாததால் பா, தா, நூன், யா எல்லாம் ஒரே மாதிரிச் சிறு பல்லாகத்தான் நிற்கும். நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்வார் அல்லவா, அது போலத்தான். ஏழைக் குறிக்கும் 'ஸப்ஃ', ஒன்பதைக் குறிக்கும் 'திஸ்ஃ' இரண்டிலும் நான்கு பல்லும் கடைசியில் ஐன் என்ற எழுத்தும் இருக்கும். அச்சு வெட்டியவர் கவனமானவராக இருந்தால் 'ஸப்ஃ'இல் நான்காவது பல்லைச் சற்று உயர்த்தியிருப்பார், 'திஸ்ஃ'இல் முதல் பல்லை. தேய்ந்த காசில் அதுவும் தெரியாது. எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இதே குழப்பம்தான். அங்கே வரலாறு கைகொடுக்கும். என் முதல் காசில் ஊர் வாசித், ஆண்டு 73 என்றும் படிக்கலாம், 93 என்றும் படிக்கலாம். ஆனால் இந்த வகைத் திர்ஹம் பரவலாகத் தொடங்கியதே 79 வாக்கில். வாசித் நகரத்தை ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் கட்டியதே 83 வாக்கில். கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் நடுவில் இருந்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். எனவே 93 தவிர வேறு வழியில்லை. 93 என்பது கி.பி. 711-712. அதே ஹஜ்ஜாஜ் அனுப்பிய படைத்தலைவர் முஹம்மது இப்னு காசிம் சிந்துக் கரையில் நின்ற காலம். அந்தக் காசு என் உள்ளங்கையில் இருந்தபோது இது புரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹிஜ்ரியைக் கி.பி.க்கு மாற்ற, 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். ஒரு வருடம் முன்பின் இருக்கும், ஆனால் போதும்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். ஊர்ச்சொல்லில் ஒரு பல், அடுத்து உருண்டைத் தலையோடு வாவ், நிமிர்ந்த அலிஃப், பிறகு மூன்று பல்லும் நீளப் படுத்த 'தா'வும் (பல்லாக நிற்கும் தா வேறு, இது வேறு எழுத்து) தெரிகின்றன. அது "பி வாசித்". ஆண்டில் "வ இஷ்ரீன் வ மிஅ" என்பதும் தெளிவு. நூற்றிருபதுகளில் ஏதோ ஒன்று. ஒன்றாம் இடச்சொல் மட்டும் விளிம்பு நசுங்கிய இடத்தில் விழுந்திருக்கிறது. ஆக, அச்சில் உள்ள வாசகம் கி.பி. 738க்கும் 747க்கும் இடைப்பட்ட ஒரு வாசித் திர்ஹமுக்கு உரியது. கலீபா ஹிஷாம் 105 முதல் 125 வரை ஆண்டார். அவர் காலத்தில் பல ஊர் அக்கசாலைகள் (நாணயம் அடிக்கும் கூடங்கள்) ஓய்ந்து, வெள்ளி அடிப்பது பெரும்பாலும் வாசித்தில் குவிந்தது. அதனால் உமையா வெள்ளியிலேயே எளிதாகக் கிடைப்பது இதுதான். கடைக்காரர் காலத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இதுவரை உறுதி. இந்த உலோகத் துண்டு அந்த ஆண்டில் அடிக்கப்பட்டதா, அந்த மாதிரியைப் பார்த்துப் பின்னால் செய்யப்பட்டதா என்பதைப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்தே "அசல்" என்று சான்று தருகிறவர் யாராக இருந்தாலும் அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

போலியைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். சேகரிக்கத் தொடங்கிய மூன்றாம் வருடம், ஒரு வியாபாரியிடம் 79ஆம் ஆண்டு திமிஷ்க், அதாவது டமாஸ்கஸ் திர்ஹம் என்று ஒன்றை இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். எழுத்து முழுக்கப் படிக்க வந்தது, எடை சரி, வெள்ளியும் அசல் வெள்ளி. வலது விளிம்பில், "ஹாதா" என்ற சொல்லுக்கு நேர் மேலே, அரிசி நுனி அளவுக்கு ஒரு பள்ளம். எட்டு மாதம் கழித்து வேறொரு நாட்டு விற்பனையாளர் போட்ட படத்தில் அதே ஆண்டு, அதே ஊர், அதே இடத்தில் அதே அரிசி நுனிப் பள்ளம். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுக்கு எழுத்து ஒத்துப்போகலாம். அடி வாங்கிய காயம் ஒத்துப்போகாது. காயம்பட்ட ஒரு அசலை வைத்து அச்சுப்பிடித்து, வெள்ளியை உருக்கி வார்த்த போலிகள் அவை. வியாபாரி பணத்தைத் திருப்பித் தரவில்லை. காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டத்தான் வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து நான் பார்க்கும் முறை இது. பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சம்மட்டியால் அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடியிருக்கும். எழுத்தின் பக்கங்களில், முக்கியமாக விளிம்புக்கு அருகில், மெல்லிய கதிர்க்கோடுகளாக அது தெரியும். எழுத்தின் ஓரம் தேய்ந்திருந்தாலும், அது காசின் தரையை, அதாவது எழுத்தில்லாத சமதளத்தை, தொடும் இடம் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் அந்த இடம் சோப்புக் கட்டியில் வெட்டிய எழுத்துபோல வழுவழுத்து உருண்டிருக்கும். தரையில் ஊசிமுனைக் குமிழ்கள் தெரியும். பிறகு காசைப் பக்கவாட்டில் நிறுத்தி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு அச்சு சேர்ந்த கோடு ஓடினாலோ, அதை அரத்தால் தேய்த்த தடம் இருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். திர்ஹம் மிக மெல்லிது என்பதால் அசலில் அங்கங்கே சிறு வெடிப்பு இருக்கும், அது குறையல்ல. பழைய வெள்ளி உள்ளே படிகம் கட்டி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், அதனால் "வளைத்துப் பார்" என்று யார் சொன்னாலும் வளைக்காதீர்கள். கல்மேல் போட்டு ஓசை கேட்பதும் வேண்டாம்.

நீரில் எடை போடும் சோதனையைப் பலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அதன் எல்லை தெரிந்து செய்ய வேண்டும். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்கிவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் முங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் விலகிய நீரின் எடை. உங்கள் 2.86ஐ வெள்ளியின் அடர்த்தி 10.49ஆல் வகுத்தால் 0.273 வரும். செம்பாக இருந்தால் 0.319, பித்தளையானால் இன்னும் கூட. வீட்டுத் தராசு 0.01 வரைதான் காட்டும் என்பதால் செம்பா வெள்ளியா என்று சொல்லலாம், தொண்ணூறு சதவீதமா தொண்ணூற்றாறா என்று சொல்ல முடியாது. அதற்கு மூன்று தசமம் காட்டும் நகைக்கடைத் தராசு வேண்டும்; காற்றுக்குமிழ் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னை ஏமாற்றிய காசு அசல் வெள்ளி, இந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறியிருக்கும். கண்ணும் லென்ஸும்தான் அங்கே வேலை செய்யும். அதற்கு முதலில் அசல்களை நிறையப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஷார்ஜா இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்தில் தீனாரும் திர்ஹமும் காட்சிக்கு இருக்கின்றன. ஒரு நாள் முழுதையும் அங்கே கொடுங்கள். இணையத்தில் ஸீனோ என்ற கீழ்த்திசை நாணயத் தளத்திலும், நியூயார்க் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தரவுத்தளத்திலும் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசமாகக் கிடைக்கும். தினம் ஐந்து காசு என்று, விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஊரையும் ஆண்டையும் நீங்களே படித்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில், "எனக்கு அரபி தெரியாது" என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

வாங்கினால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் துலக்குவதும் புளி போட்டு விளக்குவதும் பழக்கம். அதே கையோடு பழங்காசையும் துலக்கிவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் சாமானியர் (ஒன்பது, பத்தாம் நூற்றாண்டில் நடு ஆசியாவை ஆண்ட அரச வம்சம்) காலத் திர்ஹம் நான்கை அவர் தாயார் அன்போடு திருநீறு போட்டுப் பளபளவென்று ஆக்கிவைத்திருந்தார். கதிர்க்கோடு, கருமை, எழுத்தின் ஓரக்கூர்மை எல்லாம் போய்விட்டது. அசலா போலியா என்று சொல்லும் சாட்சியும் அதோடு போயிற்று. வெள்ளியின் மேல் படிந்த கருமை காசைக் காக்கிற தோல். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து எடுத்து, ஒற்றித் துடைத்தால் போதும். பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள், பச்சைப் பிசின் படியும். எங்கள் வீட்டில் இதில் குர்ஆன் வசனம் இருப்பதால் கீழ் அலமாரியில் வைக்க என் தாயார் சம்மதித்ததே இல்லை. அவருக்காக மேல் தட்டில் வைத்தேன். தரை ஈரத்திலிருந்து காசுகள் தப்பியது அதனால்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எதைச் சேகரிப்பது என்ற கேள்விக்கு என் சொந்த விருப்பத்தைத்தான் சொல்ல முடியும். வாசித் திர்ஹமில் தொடங்குங்கள். 84ஆம் ஆண்டிலிருந்து பெரும்பாலும் தொடர்ந்து அடிக்கப்பட்டதால் ஆண்டுக்கு ஒன்றாகத் தேடலாம். படிக்கப் பழக அதைவிட நல்ல பள்ளி இல்லை. ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு வளையங்கள் எத்தனை, எப்படிக் கூட்டம் பிரிந்திருக்கின்றன என்று ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. அடுத்து, உமையாக்களுக்குப் பின் ஆண்ட கலீபா வம்சமான அப்பாசியர். 132இல் ஆட்சி மாறியதும் பின்புறத்து நடு வாசகம் "முஹம்மத் ரசூலுல்லாஹ்" (முஹம்மது இறைவனின் தூதர்) என்று ஆனது, ஆகவே தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். "மதீனத்துஸ் ஸலாம்" என்று ஊர் பார்த்தால் அது பாக்தாத். நகரம் 145இல் தொடங்கப்பட்டது, காசு 146 முதல். "அல் முஹம்மதிய்யா" என்றால் இன்றைய டெஹ்ரானுக்கு அருகில் உள்ள ரைய். கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தவை தாராளமாகக் கிடைக்கும். உருவம் வேண்டும் என்றால் காஸ்பியன் கரையின் தபரிஸ்தான் அரைத் திராக்மாக்களைப் பாருங்கள். இரண்டு கிராம்தான் எடை. பாக்தாதில் எழுத்துக் காசு ஓடிக்கொண்டிருந்த எட்டாம் நூற்றாண்டிலும் அங்கே அப்பாசிய ஆளுநர்களே சாசானிய முகத்தோடு அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஆண்டு 651-652இல் தொடங்கும் உள்ளூர் சகாப்தத்தில் வரும், ஹிஜ்ரி என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானவை சாமானியர் திர்ஹம்கள். சமர்கந்த், அஷ்ஷாஷ் என்ற இன்றைய தாஷ்கந்த், புகாரா, பல்க், பஞ்ச்ஷீர் வெள்ளிச் சுரங்கத்துக்கு அருகில் இருந்த அந்தராபா ஆகிய ஊர்களில் அடித்தவை. இஸ்மாயீல் இப்னு அஹ்மத், நஸ்ர் இப்னு அஹ்மத் போன்ற அமீர்களின் பெயர் கலீபா பெயரோடு சேர்ந்து வரும். இந்த வெள்ளி வோல்கா ஆற்று வழியே தோலுக்கும் அடிமைகளுக்கும் விலையாக வடக்கே போயிற்று. சுவீடனின் காட்லாந்து தீவில் 1999இல் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணை நிலத்தில் ஒரே இடத்தில் 67 கிலோ வெள்ளி கிடைத்தது. அதில் 14,000க்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் இஸ்லாமிய திர்ஹம்கள், சாமானியருக்கும் முந்தியவை. அவற்றில் ஒன்றில் "மூசா ரசூலுல்லாஹ்", அதாவது மோசே இறைவனின் தூதர், என்று இருக்கிறது. யூத மதம் தழுவிய கஸார் ஆட்சியில், 837-838 வாக்கில், அப்பாசியக் காசைப் பார்த்து அடித்தது அது. ஒரு புதையல் கலையாமல் ஆய்வாளர் கைக்கு வந்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. வடக்கே போன சாமானியர் காசில் கத்தி நுனியால் கொத்திய சிறு வெட்டுகள் இருக்கும், வெள்ளியா என்று வைக்கிங்குகள் சோதித்த தடம். அப்படி ஒரு கொத்து உள்ள காசைக் குறையுள்ளது என்று மலிவாகத் தருகிறார்கள். நான் விரும்பி வாங்குவேன்.

முதல் ஐந்து வருடத்துக்குத் தொட வேண்டாம் என்று நான் சொல்வது, 79ஆம் ஆண்டுத் திர்ஹம், அப்பாசியரை ஆட்சிக்குக் கொண்டுவந்த அபூ முஸ்லிம் புரட்சிக் காலத்துக் காசு, எழுத்துக் காசுக்கு முன் அப்துல் மலிக் உருவத்தோடு சோதனையாக அடித்த காசு ஆகியவை. அரிதானவை என்பதால் போலியும் அதிகம். 97, 99 என்று படிக்க வேண்டியதை 79 என்று படித்துப் பல மடங்கு விலை சொல்வதும் நடக்கிறது. மேலே சொன்ன 'ஸப்ஃ', 'திஸ்ஃ' பல்லை எண்ணிப் பாருங்கள். விலையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நூற்றிருபதுகளின் வாசித் திர்ஹம் நல்ல நிலையில் பெரிய ஏலங்களில் நூறு அமெரிக்க டாலருக்கு உள்ளேயே போவதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறேன். உங்களிடம் கேட்ட 900 அமீரக திர்ஹம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பழமை விலையைத் தீர்மானிக்காது, எத்தனை எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும். ஏல விளம்பரங்களில் வரும் எண்கள் ஸ்டீபன் ஆல்பம் தொகுத்த பட்டியலின் எண்கள். அதே எண்ணை வைத்துப் பழைய ஏல முடிவுகளைத் தேடி ஒப்பிட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக, எங்கிருந்து வந்தது என்று கேட்க மறக்காதீர்கள். வாசித்தின் இடிபாடு ஈராக்கில் இருக்கிறது. 2003இல் ஈராக் அருங்காட்சியகம் சூறையாடப்பட்ட பின் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் முதல் அந்நாட்டிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்கிறது. சிரியாவுக்கு 2015இன் 2199ஆம் தீர்மானம். பழைய சேகரிப்பின் சீட்டு, முந்தைய ஏல ரசீது இவற்றில் ஏதாவது இருக்கும் காசுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். "நேற்றுத்தான் மண்ணிலிருந்து வந்தது" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் இன்னொன்றும் உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். உள்ளே வந்தபின் தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தரச்சான்றுக்கென்றும் கூடாது. எனவே வெளிநாட்டு நிபுணரிடம் காட்ட வேண்டியதை அங்கே இருக்கும்போதே காட்டிவிடுங்கள். வாங்கும்போது ஊர், ஆண்டு, எடை எழுதி, போலியென்று தெரிந்தால் பணம் திரும்ப என்ற வாசகத்தோடு பில் கேளுங்கள். அதை எழுதித் தர மறுக்கும் கடையில் நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்தக் கடைக்கு மறுபடி போனால், காசை நெட்டுக்குத்தலாக நிறுத்தி விளிம்பைச் சுற்றி நான்கு படம் எடுங்கள். பிறகு முன்புறத்தில் "இஷ்ரீன்" என்ற சொல்லுக்கு முன்னால் நசுங்கியிருக்கும் இடத்தை, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி ஒரு படம் எடுங்கள். நிழலில் பல் எத்தனை என்று தெரியும். அந்த ஐந்து படத்தையும் இங்கே போடுங்கள். ஆண்டின் ஒன்றாம் இடத்தை முதலில் நீங்களே படித்து எழுதுங்கள், பிறகு நான் படித்ததைச் சொல்கிறேன்.